மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டரம்மா

எனக்குப் பிரிவு உபசாரம் பாதி நடந்து முடிந்த பிறகுதான், நான் வேலையை விட்டுப் போகிறேன் என்ற விஷயமே எனக்குத் தெரிய வந்தது.

அறுபதுகளின் நடுவில் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் வியாபாரிகள் சிலர் கமிட்டி வைத்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். அதில் பெண்கள் பகுதிக்கு நான் ஒருத்திதான் டாக்டர். ஆண்கள் பகுதிக்கும் ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், எந்த வம்புக்கும் போகமாட்டார். ஆகவே இந்தக் கதைக்குள்ளும் வரமாட்டார். பிரசவம், கருச்சிதைவு, குழந்தையில்லாத குறை எல்லாம் என் தலையில்தான் விடியும். கமிட்டியின் செயலாளர் லால்பேட்டைக்காரர், ஓ.டி.யில் மரக்கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் 'நம்ம ஆஸ்பத்திரியில பொம்பளை டாக்டர் இருக்காங்க' என்று சொல்லிவிட்டு வருவார். அந்தப் பேச்சை நம்பி, அவ்வளவு தூரத்திலிருந்தும் முஸ்லிம் பெண்கள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் மாறி வந்து சேர்வார்கள்.

என் கணவர் சிதம்பரத்தில் காலேஜ் லெக்சரர். அவரும் மாமியாரும் அங்கே; நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த டாக்டர் வீட்டில். சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரம் போவேன், திங்கட்கிழமை காலையில் திரும்பி வருவேன். ஏழாம் மாதத்தில் மாமியார் எனக்கு வளைகாப்பு செய்தார். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது என்று உத்தரவு.

பிரசவ அறைக்குள் போகிறவள் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வளையலோடு எப்படிக் கழுவுவது?

"அப்ப பிரசவம் பாக்காத. மாத்திரை மட்டும் எழுதிக் குடு" என்றார் மாமியார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அத்தனையையும் கழற்றி டியூட்டி அறை அலமாரியில் வைத்தேன். சனிக்கிழமை ரயிலில் பரங்கிப்பேட்டை தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் நான் நாடகத்துக்குப் போகிறேனா என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

ஆஸ்பத்திரியிலும் எனக்கு வளையல் போட வேண்டும் என்று நர்ஸுகள் ஆசைப்பட்டார்கள். ஹெட் நர்ஸ் கடலூர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்மணி. கறார் என்றால் கறார். அவரே முன்னின்று எல்லாம் ஏற்பாடு செய்தார். ஒரு பிற்பகலில் ஓ.பி. முடிந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட ஆரம்பித்தார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் மணத்தன. எனக்குப் பசி. ஹெட் நர்ஸ் வளையல் போடும்போது தேம்பித் தேம்பி அழுதார். இந்த மனுஷிக்கு நம்மேல் இத்தனை பாசமா என்று நானும் உருகிப்போனேன்.

அப்போது செயலாளர் உள்ளே வந்தார். கையில் ரோஜா மாலை. கூட வந்த கமிட்டிக்காரர் கையில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாலையை ஹெட் நர்ஸிடம் கொடுத்து எனக்குப் போடச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நம்ம டாக்டரம்மா இருந்த வரைக்கும் ஒரு கொறை வெச்சதில்ல. எங்க ஊருப் பொம்பளைங்கள்லாம் துவா செய்றாங்க. அவுங்க நம்மள விட்டுப் போறது நமக்குக் கஷ்டம்தான். ஆனா பொம்பளைக்குப் பிள்ளைதான முக்கியம். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பாதி தட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண் டாக்டர்களுக்கும் இதே அறையில் இதே மாதிரி வளையல் போட்டிருக்கிறார்கள். போட்ட கையோடு அவர்கள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். யாரும் திரும்பவில்லை. யாரும் அவர்களைப் போ என்று சொல்லவுமில்லை. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு வளையல் போடுவது என்றாலே வழியனுப்புவது என்று ஆகிப்போயிருந்தது. வளையல் போடச் சம்மதித்தபோதே நான் வேலையை விடச் சம்மதித்துவிட்டதாகக் கம்பவுண்டர் முதல் கமிட்டி வரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். கன்னத்தில் சந்தனம், கழுத்தில் மாலை, கை நிறைய வளையல். கோபம் வந்தால் பார்க்க அழகாக இருந்திருக்காது. ஆனாலும் வந்தது.

"மாலைக்கு ரொம்ப சந்தோஷங்க. ஆனா நான் எங்கயும் போகல. நாளைக்கு ஓ.பி. இருக்கு, வருவேன். பிரசவத்துக்கு லீவுலதான் போவேன். லீவு முடிஞ்சதும் வந்துடுவேன்."

முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். தயிர்சாதத்தை யாரோ அவசரமாகப் பரிமாற ஆரம்பித்தார்கள்.

மறுநாள் செயலாளர் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மரியாதை தெரிந்த மனிதர். நான் உட்காரும் வரை அவர் உட்காரவில்லை.

"டாக்டருக்குப் பிரசவ லீவுன்னு நம்ம ஆஸ்பத்திரியில வழக்கமே இல்லம்மா."

"ஆயாவுக்கு இருக்கே. நர்ஸுக்கு இருக்கே."

"அதுங்க ஏழைங்க. வேலை போனா கஞ்சிக்கு வழியில்ல. உங்களுக்கு என்னம்மா கொறை? வூட்டுக்காரர் காலேஜ் வாத்தியாரு. போயும் போயும் ஆயாகூடச் சேத்துப் பேசறீங்களே."

"வயிறு ஒண்ணுதானுங்க" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை தன் முன்னால் வயிறு என்ற வார்த்தையைச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பெண்களின் வயிற்றுக்காகவே ஒரு பகுதியைக் கட்டி நடத்துகிற கமிட்டியின் செயலாளர் அவர்.

"சரி, குடுத்தே வெக்கறோம்னு வெச்சுக்குங்க. நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்? பிள்ளை மூஞ்சியப் பாத்துட்டா எந்தப் பொம்பளையும் வரமாட்டா."

"வரலைன்னா அப்ப வேலைலேர்ந்து எடுத்துடுங்க. வர்றேனா இல்லியான்னு பாக்காமலே எதுக்கு எடுக்கறீங்க?"

அவர் தம்மிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"மூணு மாசம் யாரு பாப்பாங்க? எங்க பொம்பளைங்க ஆம்பளை டாக்டருகிட்ட வரமாட்டாங்க, உங்களுக்கே தெரியும். மூணு மாசத்துக்குன்னு எந்த டாக்டரம்மா வருவா? நீங்களே ஒரு ஆளக் காட்டுங்க, நான் லீவு குடுக்கறேன். இது என் வாக்கு."

ஆள் கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் வாக்குக் கொடுத்தார். அன்றைக்கெல்லாம் பெண் டாக்டர் என்றால் சல்லடை போட்டுத் தேட வேண்டும். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். படிப்பதற்காக வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன், பிணத்தை அறுத்துப் படித்திருக்கிறேன், கல்யாணத்தையே தள்ளிப் போட்டிருக்கிறேன். ஒரு ரோஜா மாலையைப் போட்டு என்னை வெளியே அனுப்பிவிட முடியாது.

வழி காட்டியது ஹெட் நர்ஸ்தான். முந்தின நாள் அழுததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். அவர் இளவயதில் நர்ஸ் வேலை பழகிய இடத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தாராம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வு பெற்று இப்போது பாண்டிச்சேரியில் தம்பி வீட்டில் இருக்கிறாராம். "வருவாங்களான்னு தெரியலம்மா. கேட்டுப் பாருங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். ரோடு போட்டவர்களை அன்றைக்கு நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. தம்பி வீட்டின் பின்பக்கத்தில், ஒரு கட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் மட்டும் இருந்த அறையில் அவர் உட்கார்ந்து பழைய மருத்துவப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், வெள்ளைக் கைத்தறிப் புடவை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம்மா."

"அதுக்கப்புறம்?"

"நான் வந்துடுவேன்."

"நீ வந்து எழுந்திரின்னா நான் எழுந்திரிச்சுப் போயிடணும். அப்படித்தானே?"

இதற்கு எப்படி நாகரிகமாகப் பதில் சொல்வது என்று யோசித்தேன். "ஆமாம்மா" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார், வருகிறேன் என்றார். உள்ளேயிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எங்களுக்குக் காபி கொடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கும் அந்த வீட்டில் காபி கேட்கிற அதிகாரம் இல்லை என்று புரிந்தது.

செயலாளர் தம் வாக்கில் தாமே மாட்டிக்கொண்டார். பாவம், நன்றாக விழித்தார். ஆனால் ஒன்று, மரக்கடைக்காரர் வாக்கு மாறவில்லை. ஆயாவுக்கு உண்டான லீவு எனக்கும் உண்டு என்று கமிட்டியில் சொல்லி வாங்கிவிட்டார்.

அந்த அம்மாள் ஒரு படுக்கைச் சுருளும் அந்த ஸ்டவ்வுமாக வந்து இறங்கி, டியூட்டி அறையிலேயே தங்கிக்கொண்டார். இங்கே அவர் பார்த்த முதல் சில பிரசவங்களில் என்னுடையதும் ஒன்று. வலி எடுத்த அன்று காலை வரைக்கும் நான் ஓ.பி. பார்த்தேன். படுத்தவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், நம் நர்ஸுகள் முன்னால் கத்தக் கூடாதே என்று.

"கத்தாதேன்னு நீ எத்தனை பேர அதட்டியிருப்ப? இப்ப உன் முறை. கத்து" என்றார் அவர்.

கத்தினேன். பெண் பிறந்தாள்.

குறிஞ்சிப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போனேன். பிள்ளை முகத்தைப் பார்த்தால் வரமாட்டீர்கள் என்று செயலாளர் சொன்னாரே, அதில் பாதி உண்மை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. என் மகள் தூங்கும்போது உதட்டைக் குவித்துக் காற்றில் பால் குடிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். ஆஸ்பத்திரி, கமிட்டி, வைராக்கியம் எல்லாம் யாருக்கோ நடந்ததுபோல் தூரத்துக்குப் போய்விட்டன.

என்னை உலுக்கி எழுப்பியது பொறாமைதான். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கடலூர்ச் செய்தி கொண்டு வந்தார்கள். 'பெரிய டாக்டரம்மா' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்களாம். கைராசியாம். குறுக்கே கிடந்த பிள்ளையை வெளியிலிருந்து தடவியே திருப்பிவிட்டாராம். கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டாராம். இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். நானாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்த ஆள்!

லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கணவர் வந்தார். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. மாமியார் கூடவே வந்திருந்தார். வளையல் விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பார்த்ததுமே அதற்காக என்னை ஒரு மூச்சு திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "நான் கடலூருக்கு வர்றேன். அவன் மெஸ்ஸுல சாப்பிடட்டும், எளைக்கமாட்டான்" என்றார். என் மாமியாரிடமிருந்து நான் எதிர்பார்க்காத வார்த்தை. ஆனால் மருமகள் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று சிதம்பரத்தில் சொல்ல அவருக்கு மனமில்லை. "மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிலயே இருக்க வேண்டியதாயிருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் சிதம்பரம் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு உடம்பு தேவலையா என்று விசாரித்தார்கள். தேவலை என்று சொல்லிவைத்தேன்.

சேர வேண்டிய நாளில் டாக்டர் வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்து மாமியாரிடம் விட்டுவிட்டுச் செயலாளர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். பிள்ளை சுகமா என்று கேட்டார். ரொம்ப நேரம் வேறு எதையெதையோ கேட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பெரிய டாக்டரம்மா நல்லாப் பாக்கறாங்க. ஜனங்களுக்குப் புடிச்சுப்போச்சு. அவுங்களுக்கும் புள்ள குட்டி இல்ல, ராத்திரி பகல்னு இருப்பாங்க. நேத்து கமிட்டியில பேசினோம். அவுங்களையே வெச்சுக்கலாம்னு..."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். நான் இல்லேங்கல. நீங்க வந்தா உங்க எடம் உங்களுக்குத்தான். ஆனா அவுங்களப் போங்கன்னு என் வாயால சொல்லமாட்டேன்மா. தம்பி வூட்டுல அவுங்க படற பாடு எனக்குத் தெரியும். நீங்களே போய்ச் சொல்லிக்குங்க."

"ரெண்டு பேரையும் வெச்சுக்குங்க. ரெண்டு பேருக்கு வேலை இருக்கு."

"ரெண்டு டாக்டரம்மாவுக்குக் கமிட்டி எங்கம்மா போவும்?"

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அங்கே பிள்ளை இருக்கிறாள், கணவர் சம்பாதிக்கிறார், யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. மெச்சக்கூடச் செய்வார்கள். இங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நாற்காலியை விட்டால் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும்தான். எனக்கு முன்னால் போனவர்களும் இப்படித்தான் ஏதோ ஒரு நல்ல காரணம் கிடைத்துப் போயிருப்பார்கள். உள்ளே போனேன்.

ஓ.பி. இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவர் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டிய பெண்களைப் பற்றி ஹெட் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஹெட் நர்ஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அம்மா, என் வேலை எனக்கு வேணும்" என்றேன். பூசி மெழுக எனக்கு வரவில்லை.

"தெரியும். நேத்தே மூட்டை கட்டிட்டேன்."

"கமிட்டி உங்ககிட்ட..."

"கேட்டாங்க. இருங்கன்னு சொன்னாங்க. எனக்கு இருக்க ஆசைதான். அதை மறைச்சு உங்கிட்ட தியாகி வேஷம் போடமாட்டேன். இந்த மூணு மாசம் நான் மனுஷியா இருந்தேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "ஆனா நான் எழுந்திரிக்கலைன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? போனவ போனவதான், லீவெல்லாம் சும்மா பேச்சுன்னுவாங்க. அடுத்தவ எவளும் வாயே தெறக்க முடியாது."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேலே சொன்னார்.

"எனக்கும் ஒருத்தரப் பேசி வெச்சிருந்தாங்க. நல்ல மனுஷன். அப்ப நான் வேலை பாத்த எடத்துல, கல்யாணம் பண்ணிக்கோ, பிள்ளைன்னு ஆனா உன் எடத்துல உக்கார ஆள் கிடையாது, யோசிச்சுக்கன்னாங்க. யோசிச்சேன். அவரு வேற எடத்துல கட்டிக்கிட்டாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்காக ஒரு மூணு மாசம் உக்கார ஒருத்தி கிடைச்சிருந்தா போதும். அதனாலதான் நீ கேட்டதும் வந்தேன்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அழவில்லை. மூன்றாம் கட்டில்காரிக்கு ரத்தம் குறைவு, வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவள் மாமியார் நச்சரிப்பாள், அனுப்பிவிடாதே என்றார். காட்டுமன்னார்கோயில் பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை போல் தெரிகிறது, கையை வைத்துப் பார் என்றார். பிறகு எழுந்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி எனக்கு வழி விட்டார். ஹெட் நர்ஸ் அவருடைய படுக்கைச் சுருளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னேன். துப்பட்டி போர்த்திய ஒரு பெண் கதவருகே வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தயங்கி நின்றாள்.

"பெரிய டாக்டரம்மா இல்லீங்களா?"

"இல்லம்மா, போயிட்டாங்க. நான் இருக்கேன். உள்ள வாங்க."